பச்சைப் பாம்பும் பிதுக்கம்பருப்பும்

பச்சைப் பாம்பை உருவிவிட்டால் பெண்ணுக்குக் கை மணக்கும், சமையல் ருசிக்கும் என்று முதன்முதலில் சொன்னது யாரோ தெரியாது. அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆளாகத்தான் இருக்க வேண்டும். உலை வைத்துப் பழகியவள் சொல்லியிருந்தால் உப்பைக் குறை, புளியைக் கூட்டு என்று உருப்படியாக ஏதாவது சொல்லியிருப்பாள்.

நான் சாமல்பட்டிப் பக்கத்துக்காரி. பாகலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பக்கத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்னப் பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உற்றுப் பார்த்தால் ஒன்றில் விளிம்பு பிசிறடித்திருக்கும், இன்னொன்றில் மயிரிழை போல விரிசல் ஓடியிருக்கும். அந்த வேலையில் எனக்கு நல்ல பேர். வீட்டில்தான் பேர் இல்லை.

காரணம் பிதுக்கம்பருப்புக் குழம்பு. பச்சை அவரைக்கொட்டையை ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் குழம்பு. பனிக்காலம் வந்தால் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அதுதான். எனக்கு அது கை வரவில்லை. மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு, "கேண்டீன் சாம்பார் மாதிரி கீது" என்பார். என்னவோ எங்கள் கேண்டீனில் தினமும் சாப்பிட்டவர் மாதிரி. சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிடுவார், அது வேறு விஷயம்.

அப்போதுதான் வீட்டில் பாம்புப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு பச்சைப் பாம்பு கிடைத்தால் இவளை உருவ வைத்துவிடலாம் என்று மாமா சொன்னார். மாமியாரும் தலையாட்டினார். மாமனாரை மாமா, மாமியாரை அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். இதே வீட்டில் என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது, பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும், கிட்டப் போகாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆம்பிளைக்குக் கண்ணைக் கொத்துகிற பாம்பு பெண்ணுக்கு மட்டும் கை மணத்தைக் கொடுத்துவிட்டுப் போகுமாம். பெண்ணுக்குக் கண் இல்லையா? இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்போனில் பச்சைப் பாம்பு என்று ஆங்கிலத்தில் தேடினேன். வந்ததெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பாம்புகள். அங்கேயும் புதர்களில் ஒல்லியாக நாலைந்து பச்சை. ஒன்றுக்கு உடம்பின் முன்பாதியில் கறுப்புப் புள்ளிகள், ஒன்றுக்குப் புள்ளியே இல்லை, ஒன்றுக்குக் கண் பெரிது. எதுவும் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அங்கே விஷமுள்ள பச்சையும் உண்டு. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிடுகிறார்களாம். எங்கே போனாலும் நின்று பார்க்கப் பொறுமை கிடையாது, அடிக்க மட்டும் கை நீளும். பிறகு நம் ஊர்ப் பச்சைகளையும் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து மாமா கூப்பிட்டார். வாய்க்கால் ஓரத்தில் கவட்டைக் கொம்பால் ஒரு பாம்பை அழுத்திப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் வீடியோ எடுக்கச் செல்போனோடு நின்றார். அத்தை ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கை கழுவிக்கோம்மா. தலையில இருந்து வால் வரைக்கும் மூணு தடவ உருவிட்டாப் போதும்."

நான் குனிந்து பார்த்தேன். பார்ப்பதுதானே என் தொழில். செடியில் தொங்குகிற பச்சைப் பாம்பு சாட்டைக் கயிறு போல மெலிந்து நீண்டிருக்கும், மூக்கு கூராக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இது குட்டை, கொஞ்சம் தடிமன். மூக்கு மொண்ணை. செதில் மினுமினுப்பில்லாமல் சொரசொரவென்று இருந்தது. புல்லில் தவளை தேடித் திரிகிற இன்னொரு பச்சை.

"மாமா, இது அந்தப் பாம்பு இல்ல."

"பச்சையாத்தானே கீது?"

"இது வேற பச்ச. புல்லுல திரியறது. ரெண்டுமே ஆள ஒண்ணும் பண்ணாது."

கடைசியாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"வேற பாம்புன்னா விஷம்தான்" என்ற மாமா, மகனைப் பார்த்து, "மம்முட்டிய எடுத்துனு வாடா" என்றார்.

ஒரு நிமிஷம் முன்னால் வரை மருமகள் கைக்கு வரம் கொடுக்க வந்த பாம்பு. வாயை மூடிக்கொண்டு உருவியிருந்தால் அது பிழைத்துப் போயிருக்கும். உண்மையைச் சொன்னதால் அதற்குச் சாவு. இனி உருவிக் காட்டினால் பாம்பு பிழைக்கும், நான் தோற்பேன். சும்மா நின்றால் என் கண்முன்னால் மண்வெட்டியால் அதை இரண்டு துண்டாக்குவார்கள்.

கொம்பைத் தள்ளிவிட்டுப் பாம்பை இரண்டு கையிலும் ஏந்தினேன். ஒரு தடவை கழுத்தைத் தட்டையாக விரித்தது. பிறகு விரல் இடுக்கில் நகர ஆரம்பித்தது. சில்லென்று இருந்தது. நான் உருவவில்லை. அப்படியே என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"குழம்பு சாப்பிடறது நீங்கதானே. நீங்க உருவுங்க."

அவர் பின்வாங்கி வாய்க்கால் சேற்றில் காலை விட்டார். "கண்ணக் கொத்திடும்டி" என்றார். மாமா பக்கம் திரும்பினேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நான் புல்லில் கையைத் தாழ்த்தினேன். பாம்பு போய்விட்டது.

அன்றைக்குச் சமையற்கட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை அவரைக்கொட்டைப் பாத்திரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோல் பிதுக்கினார்.

"எனக்கும் உருவ வெச்சாங்க. கல்யாணமான புதுசுல" என்றார்.

"அப்புறம் குழம்பு நல்லா வந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? இந்த வீட்ல ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்ல."

மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது மாதிரி அதைச் சொன்னார். அவர் சொன்ன விதம்தான், அந்தப் பாம்பு விவகாரத்தைவிட அதிகமாக என்னைச் சுட்டது.

"பின்ன எனக்கு எதுக்கு அத்த?"

"எல்லாரும் செய்யறதுதானே" என்று சொல்லிவிட்டுப் பருப்பை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். குழம்பை அவரே வைத்தார்.

சாப்பிடும்போது மாமா இரண்டு வாய் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாம்பு வேல செஞ்சுடுச்சு போல. கை மணக்குது" என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் உருவவில்லை. அது அந்தப் பாம்பும் இல்லை. குழம்பு வைத்ததும் நான் இல்லை. ஒரு பாகத்தில் இத்தனை குறை இருந்தால் எங்கள் கம்பெனியில் பேசாமல் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவோம்.

"இது அத்தை வெச்ச குழம்பு மாமா. நான் வர்ற வரைக்கும் இத்தனை வருஷமா அவங்கதான் வெச்சாங்க" என்றேன்.

"அப்பிடியா" என்றார். அவ்வளவுதான். அத்தை பக்கம் திரும்பாமலே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அத்தை கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டு, சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்து ஊத்திக்குங்க" என்றார். "உங்களுக்கும் கைதானே கீது."