அமாவாசைக்கு அமாவாசை ஒரு போர்

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போவார்கள். நாங்களும் போவோம், ஆனால் ஓட்டமாக. வீட்டில் ஒரு ராஜ்ஜியம் காத்துக்கொண்டிருக்கும்.

ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைக் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே கொண்டுவந்திருந்தேன். ஏனாத்தூரில் கல்லூரி படித்தபோது தோழி ஒருத்தி பென்டிரைவில் கொடுத்த விளையாட்டு அதில் இருந்தது. அதற்கு இரண்டு பாதி. வரைபடத்தில் முறை வைத்து ஆட வேண்டும். ஊர் கட்டலாம், படையை நகர்த்தலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். சண்டை தொடங்கிவிட்டால் அதெல்லாம் நடக்காது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு படை காலி.

வரைபடம் என் கணவருக்கு. மனிதர் ஒரு கப்பலை நகர்த்த அரைமணி எடுப்பார். நான் சாம்பார் தாளித்து இறக்கிவிட்டு வந்தாலும் கப்பல் அங்கேயே நிற்கும். சண்டை எனக்கு. மாதம் ஒரு நாள்தான் என்பதால் ஒரே ஆட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, கடைசியாக ஒரே ஒரு கோட்டை பாக்கி.

எனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், அதனால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் வைத்த நாடாவை இழைகளுக்குள் தள்ளுவேன். நடுவில் உட்கார்ந்து நெய்ய எனக்கும் தெரியும், அப்பா வீட்டில் கற்றது. கேட்டால், "அடுத்த பாவுக்குப் பாக்கலாம்மா" என்பார். பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள இழைகள், ஒரு பாவில் மூன்று சேலை வரும். அப்படியே நாலு பாவு போய்விட்டது.

"இன்னிக்குக் கோட்டையப் புடிச்சா அடுத்த பாவு நான் நெய்வேன், நீங்க நாடா போடுங்க. தோத்தா இனிமே கேக்கவே மாட்டேன்" என்றேன்.

"புடி, பாக்கலாம்" என்று சிரித்தார். தோற்றால் திரும்ப ஆடக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

மதில் இடிந்து என் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். அப்போது இடப்பக்க வரிசை கொஞ்சம் பிய்ந்தது. அதைப் பார்த்ததும் அவர் கத்தினார்: "கை எடு!"

தறியில் இழை அறுந்தால், பார்த்தவர் மற்றவருக்குச் சொல்வது அது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, உடனே எடுக்க வேண்டும். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தறி நிற்கும், சண்டை நிற்குமா? எனக்கு உறைத்து மவுசைப் பிடிப்பதற்குள் தளபதி விழுந்து, படை சிதறி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ ஏம்மா கைய எடுத்த?" என்றார்.

"நீங்க சொன்னா எடுத்துத்தானே பழக்கம்? ஆறு வருஷமா எடுத்துக்கினுதானே இருக்கேன்!"

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அன்று இட்லிக்குச் சட்னி கிடையாது, பொடிதான்.

புதுப் பாவு ஏற்றிய அன்று காலையில் தறிக்குப் போனால், அவர் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் கரை நாடாவோடு.

"தோத்தது நானாச்சே?"

"தோக்கடிச்சது நானு. உக்காருமா."

முதல் சேலை முடிந்ததும், எங்களுக்குப் பட்டு நூல் கொடுக்கும் கடை முதலாளியிடம் கொண்டுபோனோம். அவர் விரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கை மாறியிருக்குதே?" என்றார். கடையில் அத்தனை பேர் இருக்க, என் கணவர் சத்தமாகவே சொன்னார்: "ஆமாங்க. எங்க வீட்ல நெய்ஞ்சாங்க. நான் நாடாதான் போட்டேன்."