எட்டாம் கட்டம்

ஒடிந்த குடைக்கம்பியைக் குறட்டில் பிடித்தபடியே வீரபாகு இடது கையால் சதுரங்கப் பலகையைத் தூசி தட்டுகிறார். பலகையில் மூன்றே காய்கள்: அவருடைய வெள்ளை ராஜா, நேர்கோட்டில் ஓடும் யானை, எதிரில் தனிக்கட்டையாய் ஒரு கறுப்பு ராஜா. கறுப்பு ராஜாவின் சொந்தக்காரர் இருப்பது கொழும்பில்.

தென்காசிக் கடைத்தெருவில் குடை ரிப்பேர் பார்ப்பவர் வீரபாகு. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அவர் முன்னால் குடைகள் குவியும். "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்பார். அவருடைய நாளை வியாழனா ஞாயிறா என்று, குடையைக் கொடுத்துவிட்டு நடையாய் நடக்கும் எனக்கு இன்றுவரை தெரியாது. கொழும்பிலிருந்து வரும் தபால் கார்டுக்கு மட்டும் அன்றே பதில் போய்விடும். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் மசூது அவரோடு படித்தவர். கட்டங்களுக்கு ஒன்று முதல் அறுபத்துநான்கு வரை எண் போட்டு, கார்டுக்கு ஒரு நகர்வாக ஆடுகிறார்கள். ஒரு நகர்வு போய்ப் பதில் வர இருபது நாள்.

போன வருஷம், 1961-இல், மசூதிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. தோற்றேன் என்று எழுதியிருக்கலாம். எழுதியது வேறு: "கண்ணு மங்கிக்கிட்டே வருதுலே. நீ மடக்குததை என் கண்ணால பாத்துரணும். விட்டுக்குடுக்காத, சீக்கிரம் முடி."

வீரபாகு அவசரப்பட்டார். தன் ராஜாவை மூலையில் உட்காரவைத்துவிட்டு, யானையால் செக்குமேல் செக்கு வைத்தார். கறுப்பு ராஜா ஒவ்வொரு தடவையும் நழுவிக்கொண்டது. நான்கு செக்கு, எண்பது நாள் வீண்.

"யானை ஒத்தையில என்ன செய்யும் அண்ணாச்சி? வேலி போடத்தான் அதுக்குத் தெரியும். ராசாவும் கூடவே நடந்து போவணும். இது என் மண்டையில ஏற எம்பது நாளாச்சு" என்றார் என்னிடம்.

பிறகு தப்பு இல்லை. யானை வேலி போட்டது, ராஜா நடந்தது, எதிரிக்கு இடம் சுருங்கியது. மசூதின் எழுத்தோ கார்டுக்குக் கார்டு பெருத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கார்டில் நான்கு சொல்தான் கொண்டது.

செவ்வாயன்று வந்த கார்டில் வேறு கையெழுத்து. மகள் எழுதியிருந்தாள்: "வாப்பாவுக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. காய்களைத் தடவிப் பார்த்துச் சொன்னார்கள். ராஜா நாலாம் கட்டம்."

நாலாம் கட்டம் பலகையின் ஓரம். நேர் எதிரே, ஒரு கட்டம் விட்டு, வெள்ளை ராஜா நிற்கிறது. யானையை எட்டாம் கட்டத்துக்கு, அதே ஓர வரிசைக்கு, ஏற்றினால் தீர்ந்தது. வீரபாகு ஏற்றினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"அந்த எம்பது நாளு..." என்றவர் ஒரு வெற்றுக் கார்டை எடுத்தார்.

"மக வாசிச்சுக் காட்டுவாள்லா?" என்றேன்.

"அவ சொல்லி அவன் கேக்கணுமா? தானே பாக்கணும்னுல்லா சொன்னான்."

கார்டில் 8 என்று பெரிதாக எழுதினார். அதைக் கவிழ்த்து, மடியிலிருந்த குடைத்துணியின்மேல் வைத்து, தைக்கும் ஊசியால் பின்பக்கமிருந்து புள்ளி புள்ளியாகக் குத்தினார். பிறகு திருப்பி, கண்களை மூடிக்கொண்டு, புடைத்து நின்ற அந்த எட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.