முதலாளி வீடு எந்தப் பக்கம்?

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, அந்த லாரிக்கே முதலாளியாக இறங்கியவன். "பாறையில தண்ணி வராதுய்யா" என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு வெட்டி மோட்டார் ஓட்டினேன். ரைஸ் மில், கரண்ட் கம்பம், அன்னவாசல் பஸ் நிற்கும் இடம்... எங்கள் ஊரில் எதைத் தொட்டாலும் என் கை பட்டிருக்கும். வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் போன வாரம் எங்கள் ஊர்க் கடலை எண்ணெய் மில் திறப்பு விழாவில் பேசிய ஒருவருக்கும் தெரியவில்லை! அந்த மில் எப்படி வந்தது? சொல்கிறேன்.

மழை பொய்த்தால் எங்கள் பையன்களுக்கு வேலை தேடி ரயிலேறுவதுதான் கதி. ஊரிலேயே ஒரு தொழில் வரவேண்டுமென்று, லாரி போன ஊரிலெல்லாம் முதலாளிகளைத் தேடினேன். ஒருவர் சிக்கினார். சபாபதி, தோல் பதனிடுகிறவர். மனைவியோடு காரில் வந்தார். வெள்ளாற்றங்கரையில் என் நிலத்தைக் காட்டினேன். பிடித்துவிட்டது. கூட வந்த பஞ்சாயத்துத் தலைவர் மாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். தோண்டினால் ஊற்று. ஊரே அதைத்தான் குடிக்கிறது. பெண்கள் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதலாளியின் மனைவிக்கும் கொடுத்தாள்.

"எளநி மாதிரியில்ல இருக்கு!" என்றார் அந்த அம்மா.

நான் முதலாளியிடம் கேட்டேன்: "பாக்டரித் தண்ணி எங்கிட்டுங்க போகும்?"

"ஆத்துலதான். மணல் குடிச்சிரும்."

அந்த மணலில்தானே நாங்கள் குடிக்கிறோம்?

"சரிங்க... ஒங்க வீடு எங்கிட்டுக் கட்டப்போறீங்க?"

மேற்கே கை நீட்டினார். "அந்த மாந்தோப்புக்கிட்ட. காத்து நல்லா வரும்."

மேற்கு — ஆறு வருகிற பக்கம். பாக்டரிக் கழிவு எட்டாத பக்கம்!

"நெலத்த நாளைக்கே எழுதித் தாரேன். ஒரே கண்டிஷன். வீட்டக் கீழ்ப்பக்கம் கட்டுங்க. நாங்க குடிக்கிற ஊத்துலயே நீங்களும் குடிங்க."

"தொழில் கொண்டாரவன்கிட்டப் பேசுற பேச்சாய்யா இது?" கார்க் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மாணிக்கம் என் மேல் பாய்ந்தார். "வந்த மகாலட்சுமிய வெரட்டிப்புட்டியேண்ணே! ஒன் லாரி ஓடுது, ஒனக்கென்ன? எம் மகன் எங்கிட்டுப் போவான்?"

அவர் மகன் சீக்கிரமே மெட்ராஸுக்கு ரயிலேறினான். நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "டீ எதுக்கு? அண்ணனுக்கு ஊத்துத் தண்ணி குடுப்பா!"

அப்போது நிறைய யோசித்தேன். தவிக்கிற ஊருக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது மண்ணையா, தண்ணீரையா? நம் தவிப்பைத்தான். நாமும் "எத்தனை பேருக்கு வேலை" என்று கேட்பதோடு சரி. "எங்களோடு இருப்பீர்களா" என்று கேட்கப் பயப்படுகிறோம். கேட்டால் போய்விடுவாரே!

போனார்தான். அடுத்த கடலை அறுவடைக்கு அதே கார் திரும்பி வந்தது.

"நீங்க ஒருநா கேட்டீங்க," என்றார் சபாபதி, மனைவியைக் காட்டி. "இவ தெனமும் கேக்குறா. 'நாம குடிக்க மாட்டோம்னா அவங்க மட்டும் எப்படிங்க குடிப்பாங்க'ன்னு. சோறு எறங்கல எனக்கு!"

தோல் வேண்டாமென்று முடிவாயிற்று. எங்கள் செம்மண்ணில் விளைகிற கடலை இருக்கிறதே! எண்ணெய் கடைக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. ஆற்றில் விட ஒன்றுமில்லை. அவர் வீடும் கீழ்ப்பக்கம்தான். மாணிக்கத்தின் மகன் திரும்பி வந்து இஞ்சின் பார்க்கிறான்.

மில் வாசலில் சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். திறந்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், மாணிக்கம்... எல்லாரும் இருக்கிறார்கள். நான்? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அடியில் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. "முதலாளியை அழைத்து வந்தவரும், கேள்வி கேட்டவரும்" என்று வெட்டி, என் பெயரைப் போடுங்கள் — உளிக்காரர் கூலியை நானே தருகிறேன்!