எல்லாரும் சொன்ன 'பாத்துக்கலாம்'

குளத்தூர்ப் பக்கம், செம்மண் மேட்டில் எங்கள் குடியிருப்பு. சுடாத மண்கல்லில் கட்டிய வீடுகள். நடுவே எல்லாருக்கும் பொதுவான நிலம், அதில் ஒரு குளம். பொது நிலத்தில் ஒரு கூடை மண் எடுப்பதானாலும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நிற்கும். அந்த விதியை எழுதியவன் நான்தான். எங்கோ படித்த சூட்டோடு எழுதி, கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. போன மழையில் மேட்டுத் தண்ணீர் வழிமாறி, ஓரத்து வீட்டு அக்காவின் அடுப்படிச் சுவரை ஊறவைத்துவிட்டது. அக்கா தனி ஆள். நர்ஸ் வேலையில் சேர்த்ததையெல்லாம் அந்த வீட்டில்தான் போட்டிருந்தார். இன்னொரு மழைக்கு அந்தச் சுவர் தாங்காது. அடைமழைக்குள் வாய்க்காலை வெட்டியாக வேண்டும்.

கூட்டத்தில் படபடவென்று பேசினேன். "வெட்டிரலாமா?" என்றதும், "பாத்துக்கலாம்", "பாத்துக்கலாம் தம்பி" என்று நாலா பக்கமும் குரல்கள். ஏகமனதான முடிவு என்று அப்போதே வாட்ஸப்பில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டிகளோடு போனோம். வாய்க்காலுக்குள் வளர்ந்திருந்த நாவல் கன்றின் முன்னால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு அண்ணன் நின்றார். துபாயிலிருந்து திரும்பியதும் அவர் முதலில் வைத்த கன்று அது.

"இதை எப்படித் தம்பி வெட்டுவ?"

"நீங்கதானண்ணே பாத்துக்கலாம்னீங்க?"

"ஆமா, பாத்துக்கலாம்னேன். வெட்டலாம்னா சொன்னேன்? வேணாங்கிறத எல்லாரு முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

பின்னால் ஒருவர் சிரித்தார். "பாத்துக்கலாம்னா என்னன்னு தெரியாமயாய்யா இம்புட்டுப் படிச்ச?"

"பேத்து அங்கிட்டு வச்சிருவோம்ண்ணே."

"பட்டுப்போகும் தம்பி. ஒன் விதிதான சொல்லுது, ஒராளு வேணாம்னா வேணாம்னு?"

வாய்க்காலைத் திருப்பவும் வழியில்லை, சுற்றிலும் பாறை. மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுப் பின்பக்கம் மண்மூட்டை அடுக்க முதலில் ஓடிவந்தவர் அந்த அண்ணன்தான். முதுகில் மூட்டையோடு, கன்றில் இடிக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்வந்தார். நாங்களும் சுற்றித்தான் போனோம்.

"இப்பப் போய்க் கேக்குறேன்க்கா. இப்ப எப்படி மாட்டேம்பாரு?"

"கேக்காத. எனக்காக மூட்டை சொமக்குற மனுசன்கிட்ட என்னன்னுடா கேப்ப? நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்க வேணாமா?"

அடுப்படிச் சுவரின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. வெளியே எடுக்கப் பயந்து, அப்படியே குனிந்து நின்றேன்.