ஏழு தோட்டா, பத்து ஓட்டை

அந்தத் துப்பாக்கிக்கு என்னைப் பிடிக்காது என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய த்ரீ நாட் த்ரீ. ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கினால்தான் காலித் தோட்டா வெளியே விழுந்து அடுத்தது உள்ளே போகும். சாவகாசமாகச் செய்யச் சொன்னால் நானும் சுடுவேன். ஒரு நிமிஷத்தில் பத்து என்றால் குறி தப்பிவிடும்.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் போலீஸ் பயிற்சியில் இருந்தேன். பத்தில் ஆறு குறியில் பட்டால் தேர்ச்சி. இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் மெயின்லேண்ட் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள், போலீஸ் மாப்பிள்ளை என்று சொல்லித்தான். வெறும் மாப்பிள்ளையாகப் போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பயிற்சி கொடுத்த பஞ்சாபி உஸ்தாத் சுடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். துப்பாக்கி தோளை விட்டு விலகாது, கன்னம் கட்டையை விட்டு எழும்பாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போல்ட்டின் குமிழை விடவே விடாமல் பிடித்திருக்க, நடுவிரலால் விசையை இழுப்பார். நான் சாப்பிடும்போதுகூட அந்த மூன்று விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

என்னோடு பயிற்சியில் இருந்த சிநேகிதன் போர்ட் பிளேரிலேயே பிறந்தவன், பஜாரில் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அப்பாவின் கடையில் உட்காரமாட்டேன் என்று சண்டை போட்டு இந்த வேலைக்கு வந்தவன். அன்று என் குறிப்பலகைக்குக் கீழே, குழிக்குள் இருந்து பட்டதை எண்ணிச் சொல்லும் முறை அவனுக்கு. காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபிக்கர் மத் கர் மச்சான், கவலப்படாத, நான் குழியில இருக்கேன்ல" என்றான். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அல்லது அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

எட்டுப் பேர் ஒரே வரிசையில் படுத்தோம். விசில் ஊதியதும் முதல் ஐந்து தோட்டாக்கள் தடங்கலில்லாமல் போயின. அடுத்த ஐந்தை அழுத்தி நிரப்பினேன். இரண்டு சுட்டேன். மூன்றாவதற்குப் போல்ட் பாதியில் நின்றது. தோட்டாவின் அடிவிளிம்பு கீழே இருந்த தோட்டாவின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், தள்ளினேன், அடித்தேன். மறுபடி விசில் ஊதிவிட்டார்கள். மூன்று தோட்டாக்கள் உள்ளேயே கிடந்தன. எனக்கு அழுகை வந்தது.

உஸ்தாத் குனிந்து பார்த்தார். என் தப்பில்லை, தோட்டாப் பெட்டியின் வாய் வளைந்திருக்கிறது, வேறு துப்பாக்கியில் மறுபடி சுடலாம் என்றார். விதி அப்படித்தானாம். எனக்கு உயிர் வந்தது.

அப்போது குழியிலிருந்து கம்பு எழும்பி, பட்ட குறிகளை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தது. நான்கு, ஐந்து, ஆறு. போதும்டா, போதும் என்று மனசுக்குள் கதறினேன். எட்டுத் துப்பாக்கிகளின் இரைச்சலில் என்னுடையது நின்றுபோனது அவனுக்கு எப்படித் தெரியும்? நூறு கஜம் தள்ளி மண்மேட்டுக்குப் பின்னால் இருப்பவனுக்கு உஸ்தாத் பக்கத்தில் நின்றுகொண்டு நான் எதைச் சொல்லமுடியும்? கம்பு பத்து வரை போனது.

"சாத் சலாயா, தஸ் லகா?" ஏழு சுட்டுப் பத்து பட்டதா என்று உஸ்தாத் மெதுவாகத்தான் கேட்டார். நேராகக் குழிக்கு நடந்தார். மதிப்பெண் எழுதக் கொடுத்திருந்த பென்சில்தான் காகிதத்தைக் குத்தியிருந்தது.

சிநேகிதன் எதையும் மறுக்கவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இப்படிச் செய்வதாக அவன் முன்பே சொன்னானா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆமாம் என்றால் இருவருக்கும் வேலை போகும், அவனை அது காப்பாற்றாது என்று அன்று கணக்குப் போட்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன். மத்தியானம் வேறு துப்பாக்கியில் சுட்டேன். ஏழு பட்டது.

மறுநாள் அவன் பூட்ஸையும் கம்பளியையும் ஒப்படைக்க ஸ்டோர் வாசலில் நின்றான். அவனைத் திட்டத்தான் போனேன். என் குறியில் நிஜமாக எத்தனை பட்டிருந்தது என்றேன். மூன்று என்றான். இன்னும் மூணு குத்தியிருந்தா போதுமேடா, யாருக்குமே தெரிஞ்சிருக்காதே என்றேன்.

"ஒனக்கு வெறும் ஆறு போட மனசு வரல மச்சான்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.