கண்ணாடிபோல ஒரு மாட்டுக்கொட்டில்

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், நீர்வேலியில் எங்கள் வளவுக்குள் இரண்டு நாகுகள் வாங்கிக் கட்டினேன். இன்னும் கன்று போடாத இளம் பசுக்கள். மாடு வளர்ப்பதில் எனக்குத் தெரிந்தது சுத்தம் ஒன்றுதான். அதை அளவுக்கு மிஞ்சியே தெரிந்து வைத்திருந்தேன். கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டு, வீட்டு விறாந்தைக்குப் போல சிவப்புப் பூச்சும் பூசி மினுக்குவித்தேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்குமுன்னர் கொட்டிலைத்தான் காட்டினேன்.

நாகுகளுக்குத் தரை பிடிக்கவில்லை. கால்களை அகட்டி வைத்து, அசையாமல் நின்றன. படுப்பதே இல்லை. பெரிய இடத்துக்கு வந்த கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றின் பின்னங்கால் மூட்டு வீங்கி, அது நொண்டத் தொடங்கிய பிறகுதான் மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஓர் இளம்பெண். குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"தரை வழுக்குது ஐயா. விழுந்திடுவம் எண்ட பயத்திலை படுக்காமல் நிக்குதுகள். நீங்கள் கழுவிக் கழுவி, ஈரத்திலை குளம்பும் இளகிப்போச்சு."

"உந்தத் தரையிலை ஒரு பிழையும் இல்லை டொக்டர். இஞ்சை பாருங்கோ!"

கையை வீசி நடந்து காட்டினேன். பாதி வழியில் கால் பறந்தது. விழுந்து கிடந்த இடத்தில் ஒரு துளி சாணி இல்லை, அவ்வளவு சுத்தம். நாகுகள் இரண்டும் திரும்பிப் பார்த்தன.

மனைவி ஓடி வந்தாள். "டொக்டர், வந்ததோடை இவரின்ரை காலையும் ஒருக்காப் பாருங்கோ."

"நான் நாலு காலுக்குத்தான் அக்கா படிச்சனான்" என்றார் வைத்தியர், சிரிக்காமல்.

பிறகு மேசன் வந்து பூச்சைக் கொத்தி, தரையில் கோடு கோடாகக் காடி வெட்டினார். படுக்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பும் அதன்மேல் காய்ந்த வைக்கோலும் போட்டோம். பகலில் மாமரத்தடி மணலில் கட்டினோம். நான் முழங்காலில் கட்டுடன் கதிரையில் உட்கார்ந்தபடி கட்டளையிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

விரிப்புப் போட்ட அன்றே சின்ன நாகு முன்னங்காலை மெல்ல மடித்துப் படுத்து, பெருமூச்சு விட்டு, அசைபோடத் தொடங்கியது. இவ்வளவு நாளும் பயந்து நின்றிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. மற்றதின் வீக்கமும் மெல்ல வற்றியது.

சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கு மனைவிதான் பதில் சொன்னாள்.

"நாகு இப்ப நல்லா நடக்குது. இவர்தான் இன்னும் நொண்டுறார்."