ஒன்று முதல் ஐந்து வரை நம்பிக்கை

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையை அளக்கக் கேள்வித்தாளும் தொண்டையும்தான் உண்டு. தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிய சக பாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேராசிரியையின் ஆய்வுக்காகச் சித்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரி கல்லூரியாகப் போய், "அறிவியலில் என்னால் இது முடியும்" என்ற வாக்கியங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் வாசிப்பேன். டிகிரிப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்; ஒன்று என்றால் முடியவே முடியாது, ஐந்து என்றால் கட்டாயம் முடியும்.

நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். பாலசமுத்திரம் பக்கம் தரிசு நிலத்துக்காகக் கொடி பிடித்து லத்தியடி வாங்கியவன். என்னோடு கோஷம் போட்டவர்கள் இன்று பெங்களூரில் ஃப்ளாட் விற்கிறார்கள். எனக்கு விற்கத் தெரியவில்லை. அதனால் இந்த வேலை.

வாசித்த விதம்

சித்தூரில் முதல் வகுப்பு. "ஒரு பரிசோதனையை என்னால் தனியாகச் செய்து முடிக்க முடியும்!" என்று வாசித்தேன். பழகிய தொண்டை, அடங்கவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்குக் கடைசி பெஞ்சு, "முடியும்! முடியும்!" என்று பதில் குரல் கொடுத்தது. எத்தனையோ வருஷம் கழித்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வகுப்பு முழுக்க, எல்லாவற்றுக்கும் ஐந்து. ஆய்வை நடத்தும் பேராசிரியை தாள்களைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க இப்படிப் படிச்சா எவன் சார் முடியாதுன்னு போடுவான்? கொஞ்சம் நெம்மதிகா, மெதுவா படிங்க, நாம ஆட்சியப் பிடிக்கப் போறதில்ல."

எல்லாவற்றுக்கும் ஒன்று

வடமாலபேட்டையிலிருந்து வரும் ஒரு பையன். கெமிஸ்ட்ரியில் அவனை அடிக்க ஆளில்லை என்று லெக்சரரே சொன்னார். அவன் தாளில் எல்லாவற்றுக்கும் ஒன்று. ஏன்டா என்றேன். தடா பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று பாகம் கோக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். இந்தத் தாள் அங்கே போகும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான்.

போகாது என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. "நெறைய தெரிஞ்சவன அங்க எடுக்க மாட்டாங்களாம் சார், யூனியன் பேசுவான்னு. உங்கள மாதிரி."

முன்னாலேயே மொட்டை

திருப்பதியில், பாலசமுத்திரத்துப் பெண் கஸ்தூரி. பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். பரீட்சையில் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனி வேனில் ஏற வேண்டும் என்று அவள் நைனா சொல்லிவிட்டிருந்தார். அவள் தலை பளபளவென்று மொட்டையாக இருந்தது.

சாமி பேச்சு என்றால் எனக்கு நாக்கு அரிக்கும். "பாஸானப்புறந்தானே முடி குடுப்பாங்க?" என்று சீண்டினேன்.

"அது சந்தேகப்படறவங்க குடுக்கறது சார். நான் மொதல்லயே குடுத்துட்டேன்."

அடேயப்பா என்று தாளைப் பார்த்தால், "கருவிகளைத் துல்லியமாகக் கையாள முடியும்" என்ற வாக்கியத்துக்கு வெறும் இரண்டு. மொட்டைக்கும் இரண்டுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்றேன். பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "சாமிகிட்ட கேட்டது நாளைக்கு சார். நீங்க கேக்கறது இன்னிக்கு. ஸ்பெக்ட்ரோமீட்டர் இன்னும் எனக்குக் கை வரல, அத ஏன் மறைக்கணும்?"

மேடையில் நின்ற எந்தத் தலைவனும் தன்னைப் பற்றி இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இரண்டாம் சுற்று

ரிசல்ட் வந்த பிறகு அதே தாளோடு மறுபடி போனேன். கஸ்தூரி தவறியிருந்தாள். பிராக்டிகலில் அவளுக்கு விழுந்தது அதே ஸ்பெக்ட்ரோமீட்டர். தலையில் முடி குத்திட்டு நின்றது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "நான் ரெண்டுதானே போட்டேன் சார், சரியாத்தானே போட்டிருக்கேன்" என்றாள். இந்த முறை அதே வாக்கியத்துக்கு மூன்று போட்டாள். லேப் அட்டெண்டரைக் கெஞ்சித் தினமும் அந்தக் கருவியைத் திருகிக்கினு இருக்கிறாளாம்.

வாசலில் அவள் நைனா நின்றிருந்தார். மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர். கம்பெனி வேனுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பழைய ஆவேசத்தோடு வாதாடத் தயாரானேன். அவர் என்னை வாதாடவே விடவில்லை. "தோப்புக்கு அட்வான்ஸ் குடுத்தவன், இந்த வருசம் காய்க்கலன்னு வுட்டுட்டு வந்துருவானாண்ணா? முடியக் குடுத்துட்டு வந்துட்டா. அடுத்த காப்பு வரைக்கும் நிக்க வேண்டியதுதான், மறுபடி பரீட்சை எழுதட்டும்."

என் ஆயுளில் நான் கண்ணால் பார்த்த ஒரே புரட்சி அந்த இரண்டு மூன்றானதுதான், அதையும் பேராசிரியையின் கம்ப்யூட்டர் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று தள்ளிவிட்டது.